இரண்டாவது டம்ளர் மோர்

சின்னநத்தம் தபாலாபீசை மூடியது நான்தான். மேலே இருந்து உத்தரவு வந்தது, கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல வருஷம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆபீசு அதனால் மூடப்படவில்லை. ஒரு தபால் கார்டில் ஒருவர் என்னைக் கேலி செய்து எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டேன். கோபம் வந்தது. மூடிவிட்டேன். அடுத்தவர் கார்டைப் படித்தது ஒரு தப்பு. அதில் இருந்ததெல்லாம் நிஜம் என்று தெரிந்தும் கோபப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு.

போன வாரம் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் தபாலாபீசுக்குப் போயிருந்தேன். பத்து கார்டு வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"கார்டா சார்? அந்த அம்பது பைசா கார்டா?"

"ஆமாம்மா. பத்து."

அவள் உள்ளே திரும்பி, "அண்ணே, நம்மகிட்ட கார்டு இருக்குதா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரு கேக்குறாங்க? ஆடிட்டா?" என்று பதறியது.

இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து, ஊதி, எண்ணிக் கொடுத்தாள். நான் வாங்கியதும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "என்னா சார், மோந்து பாத்து வாங்குறீங்க?" என்று சிரித்தாள். பழுப்பு அட்டையும், உருகி ஒட்டிப்போன ரப்பர் பேண்டும், அந்துருண்டையும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பின்னாலேயே கொஞ்சம் பெருங்காயமும் கறிவேப்பிலையும் வந்து நிற்கும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

நான் அஞ்சல் ஆய்வாளராக இருந்தவன். ஊர்க்காரர்கள் பாஷையில் இன்ஸ்பெக்டர். புது ஊருக்குப் போய் "இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறேன்" என்றால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். தபால் இன்ஸ்பெக்டர் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக, 'தபால்' என்ற வார்த்தையைச் சொல்லாமல் கொஞ்சம் தாமதப்படுத்துவது என் வழக்கம். அப்படிப்பட்ட ஆள் நான் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கிராமத்துத் தபாலாபீசு என்றால் சிவப்புச் சாயம் பூசிய தனிக் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலைக்கு வருகிறவர் தன் வீட்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கித் தர வேண்டும். அந்த மூலைதான் ஆபீசு. என் வட்டத்தில் இருந்த ஒவ்வொரு கிளை ஆபீசுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று அரிசி ஆலைக்குள் இருந்தது. அங்கே வாங்கிய ஸ்டாம்பைத் தட்டினால் தவிடு கொட்டும். இன்னொன்று மாட்டுக் கொட்டகையை மறைத்துக் கட்டிய தட்டிக்கு இந்தப்புறம் இருந்தது. ஒரு கன்றுக்குட்டி தட்டிக்குள் தலையை விட்டு ஒரு பதிவுத் தபாலின் ரசீதைத் தின்றுவிட்டது. விசாரணைக்குப் போன நான், "சம்பந்தப்பட்ட கன்றை நேரில் பார்வையிட்டேன்" என்று அறிக்கை எழுதினேன். மேலாபீசில் அதை நகல் எடுத்து வைத்துச் சிரித்தார்களாம். காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து ஆனி மாதத்தில் வரும் பைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பை முழுக்கப் பலாப்பழ வாசனை. கோர்ட்டு நோட்டீசுகூட அந்த மாதத்தில் இனிப்பாகத்தான் போய்ச் சேரும்.

சின்னநத்தம் சேத்தியாத்தோப்பிலிருந்து உள்ளே, வெள்ளாற்றுப் பக்கம். அந்த ஆபீசு முதலில் மாதா கோயிலை ஒட்டிய ஓர் அறையில் இருந்தது. பிறகு ஒரு சைக்கிள் கடைக்குள் போனது. பஞ்சர் ஒட்டும் பசையையே கவருக்கும் தடவுவார்கள். அந்த ஊர்க் கவரைப் பிரிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும் என்று புகார் வந்தது. நான் பொறுப்புக்கு வந்தபோது அது ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் இருந்தது.

ஸ்டெல்லா அந்த ஊர்ப் பெண். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் அந்த வேலைக்கு ஆள் எடுப்பார்கள். விண்ணப்பம் போட்டவர்களில் அவள் மார்க்குதான் ஜாஸ்தி. அவள் குடும்பத்தில் அரசாங்க முத்திரையைக் கையில் பிடித்த முதல் ஆள் அவள்தான். அதை அவள் பிடிக்கிற விதத்திலேயே அது தெரியும். வெளிச்சுவரில் இருந்த பெயர்ப்பலகை அவளே எழுதியது. தேதி முத்திரையைத் தினமும் காலையில் பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவாள். அவ்வளவு தெளிவாக விழும் முத்திரையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

தபால் கொண்டு போய்க் கொடுப்பவர் கலியமூர்த்தி. மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, வாய் மட்டும் நாலு பேருக்கு உள்ளது. விலாசத்தைப் பார்த்துத் தபால் கொடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பார்த்தும் பயனில்லை. "புளியமரத்து வீட்டு ரெண்டாவது பொண்ணு, சின்னநத்தம்" என்று இருக்கும். பின்கோடு கிடையாது, அனுப்பியவர் விலாசம் கிடையாது. "இதை எப்படிய்யா கொடுக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எழுத்தப் பாத்தாலே தெரியுது சார், யாரு வூட்டுக்குப் போற கோவம்னு" என்றார்.

நான் சின்னநத்தத்துக்கு ஆய்வுக்குப் போகும் நாளில் மோர் இருக்கும். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். யார் வீட்டிலும் எதையும் வாங்கிச் சாப்பிடாதவன் என்று எனக்கு நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். காப்பி கொடுத்தால் கையை உயர்த்தி மறுத்துவிடுவேன். அந்தக் கை உயர்த்தலைக் கண்ணாடியில் பழகியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். மோர் மட்டும் என் கணக்கில் சாப்பாட்டில் சேராது. பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போயிருப்பேன். ஸ்டெல்லா பெரிய எவர்சில்வர் டம்ளரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோரைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைப்பாள். குடித்துவிட்டு ஸ்டாம்பை எண்ணுவேன், எடைக்கல்லைத் தட்டிப் பார்ப்பேன், பையை உதறிப் பார்ப்பேன். முடிகிற நேரத்தில் இன்னொரு டம்ளர் வரும். அதையும் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். இவ்வளவுதான்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். தபால் குறைவாக வரும் கிளை ஆபீசுகளைப் பக்கத்து ஊர் ஆபீசோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வருஷத்தில் சில நாட்கள் எல்லா ஆபீசிலும் எத்தனை தபால் வருகிறது, எத்தனை போகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு. எண்ணும் வாரத்தில் ஆபீசுக்காரர்கள் சொந்தக்காரர்களை விட்டு நாலு கார்டு கூடுதலாகப் போட வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். ஆய்வாளர் அதைப் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "இன்னும் ஓராண்டு பார்க்கலாம்" என்று எழுதிவிட்டு வருவார். நானே எத்தனையோ ஊருக்கு எழுதியிருக்கிறேன்.

சின்னநத்தத்துக்காரர்கள் நாலு கார்டோடு நிற்கவில்லை. ஊரே எழுதியது. யாருக்கு எழுதுவது? வெளியூரில் இருக்கிறவர்கள் குறைவு. அதனால் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். போடுவதும் இங்கே, போய்ச் சேருவதும் இங்கே, ஒரு கார்டு இரண்டு எண்ணிக்கையிலும் ஏறும் என்று கலியமூர்த்தி கண்டுபிடித்திருந்தார். எண்ணிக்கையின் கடைசி நாள் நான் போனபோது ஸ்டெல்லாவின் மேஜை மேல் கார்டுகள் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. அவள் வியர்த்துப்போய் நின்றாள்.

"இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றாள்.

"தெரியுது" என்றேன்.

மோர் வந்தது. ஸ்டெல்லா மதியப் பையை வாங்க வாசலுக்குப் போனாள். நான் கார்டுகளை எண்ண ஆரம்பித்தேன். கார்டு என்பது திறந்து கிடப்பது. ஆனாலும் தபால்காரன் அதன் விலாசப் பக்கத்தைத் தவிர வேறு பக்கம் பார்க்கக் கூடாது. வேலையில் சேர்ந்த நாளில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விஷயம் அது. முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் காப்பாற்றியவன், அன்றைக்கு ஒன்றைத் திருப்பினேன்.

எண்ணிக்கைக்காகப் போட்ட கார்டு, உள்ளே ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். கார்டு கையில் வந்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே வீட்டில் இருக்கும் மனைவி புருஷனுக்கு எழுதியிருந்தாள்: "நேரில் சொன்னால் காதில் விழுவதில்லை. கூரை ஒழுகுகிறது." வரப்புச் சண்டையில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிக்கு எழுதியிருந்தார்: "ஸ்டெல்லா கேட்டதால் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" நான் தோள் குலுங்கச் சிரித்தேன். இன்னொன்று, இன்னொன்று என்று திருப்பிக்கொண்டே போனேன். கட்டின் நடுவில் கலியமூர்த்தியின் கையெழுத்து வந்தது. மேலத்தெருவில் இருக்கும் அவர் மைத்துனருக்கு.

"மச்சானுக்கு. நலம். நாளைக்கு எங்க இன்ஸ்பெக்டர் வர்றாரு. மழ இல்லாத நாள்லயும் கொடய விரிச்சிக்கினு தேர் வர்றாப்புல ஆடி ஆடி வருவாரு. யார் வூட்டுலயும் கை நனைக்க மாட்டாராம். ஆனா ஸ்டெல்லா குடுக்குற மோர் ரெண்டாவது டம்ளர் வர்ற வரிக்கும் எடக்கல்லத் தட்டிக்கினே இருப்பாரு. அது வந்தாத்தான் கையெழுத்து. நீயும் வந்து பாரு மச்சான், நல்லா பொழுது போவும்."

அந்தச் சமயம் பார்த்து ஸ்டெல்லா இரண்டாவது டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த மச்சானாக இருக்க வேண்டும்; கார்டு போய்ச் சேரும் முன்பே கலியமூர்த்தியின் வாய் போய்ச் சேர்ந்திருக்கும். என் வலது கை அப்போது எடைக்கல்லின் மேல் இருந்தது.

மோரைக் குடிக்காமல் எழுந்தேன். குடையை விரிக்காமல் வெயிலில் நடந்தேன். வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். "இன்னும் ஓராண்டு" என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, "திட்டமிட்டு எண்ணிக்கை கூட்டப்பட்டுள்ளது. இந்த ஆபீசைத் தொடர வேண்டிய அவசியம் இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அன்றைக்கு ரொம்ப அழகாக இருந்தது. என் மனைவியிடம் கார்டைப் பற்றிச் சொன்னபோது அவள் காய் நறுக்கிக்கொண்டே, "அதுல எது பொய்?" என்று கேட்டாள். அதற்கும் கோபம் வந்தது.

நாலைந்து மாதத்தில் உத்தரவு வந்தது. சின்னநத்தம் ஆபீசு ஆற்றோரமாக ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆத்துமேடு ஆபீசோடு சேர்ந்தது. சாமான்களை எடுத்து வர நானே போக வேண்டியிருந்தது. தராசு, எடைக்கல், பை, முத்திரை எல்லாவற்றையும் ஸ்டெல்லா ஒரு துண்டில் வரிசையாக வைத்திருந்தாள். முத்திரை ஈரமாக இருந்தது. அன்று காலையிலும் கழுவியிருக்கிறாள். பலகையை அவள் தம்பி கழற்றினான். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நீள்சதுரமாகத் தெரிந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அன்னிக்கி அந்தக் கார்டெல்லாம் படிச்சீங்களா?"

"சேச்சே. படிக்கக் கூடாதும்மா, தெரியாதா உனக்கு?"

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு மோர் வரவில்லை.

கலியமூர்த்தி அந்த வருஷமே வயது முடிந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போஸ்ட் மாஸ்டராக நாற்காலியில் இருந்த ஸ்டெல்லா, ஆத்துமேட்டிலிருந்து தபாலை வாங்கி சின்னநத்தத்தில் கொடுக்கிற வேலைக்கு மாற்றப்பட்டாள். தினமும் போக ஆறு, வர ஆறு, சைக்கிளில். கார்டு எழுதியவரைத் தொட முடியாமல், மோர் கொடுத்தவளை வெயிலில் தள்ளினேன். கணக்கு இப்படித்தான் முடிந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு முதுநகருக்கு வந்தேன். வேலையில் இருக்கும்போது மனசாட்சிக்கு நேரம் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்றால் அதற்கு வேறு வேலையே இல்லை. காலையில் சைக்கிள் மணி கேட்டால் ஆத்துமேட்டுச் சாலை ஞாபகம் வரும். ஒரு நாள் உட்கார்ந்து, சின்னநத்தம் ஆபீசைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி அனுப்பினேன். பதில் வந்தது. "அப்போதைய ஆய்வாளரின் தெளிவான அறிக்கையின்படி அந்த ஆபீசுக்கு அவசியம் இல்லை என்று முடிவானது" என்று இருந்தது. அப்போதைய ஆய்வாளர் நான்தான் என்பதை எழுதியவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இல்லை, கவனித்துத்தான் எழுதினாரோ என்னவோ. கடைசியில் ஒரு வரி: அந்த ஊருக்கு வரும் தபால் கூடினால் மறுபடி பரிசீலிக்கலாம்.

கூடினால்தானே? கூட்டிவிட்டேன்.

அடுத்த எண்ணிக்கை மார்கழியில் வந்தது. நான் இருநூறு கார்டு வாங்கினேன். என் நோட்டில் சின்னநத்தத்துக்காரர்கள் பெயர் பாதி இருந்தது. மீதிக்குப் பழைய வாக்காளர் பட்டியல். இடது கையால் எழுதினேன், வலது கையால் எழுதினேன், பச்சை ரீஃபில், நீல ரீஃபில், பென்சில். என் மனைவியிடம் இருபது கார்டு கொடுத்தேன். "அவுங்க செஞ்சப்ப தப்பு, நீங்க செஞ்சா தர்மமா?" என்று கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தாள். முத்திரை ஒரே ஊராக விழக் கூடாது என்று கொஞ்சத்தை முதுநகரிலும், கொஞ்சத்தைச் சிதம்பரம் கீழவீதியிலும், கொஞ்சத்தைச் சேத்தியாத்தோப்பு பஸ் நிலையத்திலும் போட்டேன். இல்லாத மாமாக்கள், இல்லாத அத்தைகள் பெயரில் நலம் விசாரித்தேன். மழை உண்டா, கரும்பு வெட்டியாயிற்றா. கலியமூர்த்திக்கு என்ன எழுதுவது என்று ரொம்ப யோசித்தேன். ஒண்டிக்கட்டை. சரி என்று, "உங்கள் தூரத்து உறவு மாப்பிள்ளை, கடலூர். பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன் மாமா" என்று இடது கையால் எழுதிப் போட்டேன்.

போகிக்கு முந்தின நாள் ஒரு இளைஞர் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த ஆய்வாளர். மரியாதையாக உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து நாலு கார்டை எடுத்து மேஜையில் பரப்பினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் நீங்கதானே?"

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கெத்தாகக் கேட்டேன்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சார், எல்லா கார்டுலயும் பின்கோடு ஆறு எண்ணும் கட்டத்துக்குள்ள கச்சிதமா இருக்குது. அனுப்புநர் விலாசம் இடது பக்கம் கீழ இருக்குது. வட்டம், மாவட்டம் எல்லாம் இருக்குது. சின்னநத்தத்துக்கு யாராவது இப்படி எழுதுவாங்களா சார்? டிபார்ட்மெண்ட் ஆளுதான் எழுதுவாங்க."

இடது கையால் எழுதினேன், பென்சிலால் எழுதினேன்; பின்கோடு போடாமல் எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

"ரிப்போர்ட் பண்ணப் போறீங்களா?"

"எதுக்கு சார்? இத எண்ணிக்கையில சேக்கல, அவ்ளோதான். மத்ததெல்லாம் டெலிவரி பண்ணச் சொல்லிட்டேன், இந்த நாலும் நாளைக்குப் போயிடும். எழுதின கார்டு போய்ச் சேரணுமில்ல?"

எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதும் இவ்வளவுதான். தள்ளி வைத்துவிட்டு உள்ளதை எண்ணி, ஓராண்டு பார்க்கலாம் என்று எழுதியிருக்கலாம். இருபத்தெட்டு வயசுப் பையனுக்குத் தெரிந்தது.

எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "சார், இன்னொண்ணு. கலியமூர்த்தின்னு ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன். மாப்ள வர்றாருன்னு சேவல் வாங்கிக் கட்டியிருக்காராம். காலையில பஸ் நிறுத்தத்துல போய் ஒக்காந்துக்குறாராம். ஸ்டெல்லாம்மாதான் சொன்னாங்க. எழுதினவர வரச் சொல்லுங்கன்னாங்க."

பிள்ளை இல்லாத மனிதரை இல்லாத மாப்பிள்ளைக்காக வெயிலில் உட்கார வைத்துவிட்டேனே. காணும் பொங்கலன்று முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

நிறுத்தத்தில் இறங்கியபோது கலியமூர்த்தி நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். கூட ஏழெட்டுப் பேர். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து கையை விரித்தார்.

"வாங்க மாப்ள! என்னா, கொடய மறந்துட்டு வந்துட்டீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கார்டைப் பார்த்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எடது கையால எழுதினாலும் 'ழ' போடுற வளைவு அதேதானே, எத்தனையோ வருஷமா உங்க மெமோ வாங்கினவன் நான், என்றார். ஊரில் யாருக்கெல்லாம் எந்த மாமாவிடமிருந்து கார்டு வந்தது என்று வழியெல்லாம் என்னிடம் முறையிட்டார்கள். "எனக்கு மூணு அத்தைங்க சார், மூணு பேருக்கும் ஒரே பின்கோடு" என்றார் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டிய அந்த மச்சானும் வந்தார். பழைய கடனை அன்றைக்குத்தான் வசூலித்ததுபோல் முகமெல்லாம் சிரிப்பு.

சேவல் மட்டும் நிஜம். சாப்பிட்டு முடித்ததும் எல்லார் முன்னிலும் சொன்னேன். கார்டைப் படித்ததை, அறிக்கை எழுதியதை, படிக்கவில்லை என்று பொய் சொன்னதை. கலியமூர்த்தி தன் இலையை மடித்தார். "நான் வெளயாட்டுக்கு எழுதினேன் மாப்ள" என்றார். பிறகு, "இத அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் இப்போது நெல் மூட்டை இருந்தது. சைக்கிள் சாய்த்திருந்தது. வெளிச்சுவரில் அந்த வெள்ளைச் சதுரம் அப்படியே. எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"படிச்சீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். மோரு அப்படியே இருந்துதே" என்றாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள். "நல்லது பண்றேன்னு எறநூறு கார்டு போட்டீங்களே, அத யாரு சார் தூக்கியாந்தது? பத்து நாளு வூடு வூடா டபுள் அலச்சல். முட்டி வீங்கிடுச்சி."

இதை நான் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை. யார் சுமப்பது என்று. தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன்.

உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தாள். அதே எவர்சில்வர் டம்ளர். குடித்தேன். வைத்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை அறியாமல் என் விரல் மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சி சார்" என்றாள்.

ஆபீசு திறக்கவில்லை. அந்த வருஷ முடிவில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முதுநகரில் எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. பொங்கல் நெருங்கும்போது, ஓடு மாற்ற ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்கு ஒரு கார்டு வந்தது. விலாசம் ஒழுங்காக இருந்தது. பின்கோடு கட்டத்துக்குள் இருந்தது.

"சாருக்கு. நாங்கள் நலம். பூவரசு விழுந்து தபால் பெட்டி நசுங்கிவிட்டது. போன் இல்லாததால் எல்லாரும் கார்டு எழுதுகிறார்கள். சென்னைக்கு, திருப்பூருக்கு, கேரளாவுக்கு. என் பையில் இடமில்லை. கலியமூர்த்தி அண்ணன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறார். இந்த வாரம் எண்ணியிருந்தால் நம் ஆபீசு பிழைத்திருக்கும். ஸ்டெல்லா."

நம் ஆபீசு என்று எழுதியிருந்தாள். அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இந்தக் கார்டைப் படிக்க எனக்கு உரிமை இருந்தது.

டவர் திரும்ப வந்தது. கார்டுகள் நின்றன. நசுங்கிய பெட்டிக்குப் பதில் வேறு பெட்டி வைக்கவில்லை. கலியமூர்த்தி இப்போது இல்லை. ஸ்டெல்லா வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். சுவரில் அந்த வெள்ளைச் சதுரமும் போய்விட்டது. அவள் ஆத்துமேட்டிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறாள். காணும் பொங்கலுக்கு நான் இன்னும் போகிறேன், 'வருகிறேன்' என்று முன்கூட்டியே ஒரு கார்டு போட்டுவிட்டு. போன வாரம் வாங்கிய பத்தில் ஒன்று அதற்குத்தான்.

மோர் கொடுப்பாள். ஒரு டம்ளர். அதைக் குடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதையும் தட்டுவதில்லை.